கவர் கிழியாத மெத்தை

…அதுக்காக மாட்டோடயா சேத்துப் பேசுறது? நீங்களே சொல்லுங்க. மாமியாக்காரி தப்பே செஞ்சிருக்கட்டும். அதுக்காக மாட்டோடயா? "எங்க வீட்டு மாடு கூட இதுல படுக்காது அத்தே"ங்காரு. என் மருமவன்! மூஞ்சிக்கு நேரா! செத்த காலை உள்ள இழுத்துக்கிடுங்க, மெத்தை அந்தப் பக்கமா சாயுது. ஆங்… அப்படித்தான். முட்டியால லேசா அணைச்சுப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் வர்ற வரைக்கும் நிக்கும். பதினஞ்சு நிமிசந்தான். அழுத்திராதீங்க… கவர் கிழிஞ்சிரும்.

நீங்க மதுரைக்கா? டீச்சரா இருக்கீங்களோ? இல்லையா… பாத்தா டீச்சர் மாதிரியேதான் இருக்கீங்க. கண்ணாடியும், தோள்ல பையும், யாரு என்ன சொன்னாலும் பொறுமையா கேக்குத மூஞ்சியும்… சரி இருக்கட்டும், நான் டீச்சர்னே கூப்பிடுதேன். என் பேரு பரிபூரணம். ராஜபாளையத்துலதான் வீடு. எங்க வீட்டுக்காரரு பேரு ஞானதுரை. பேண்டேஜ் துணி போடுத யூனிட்டுல இருபத்தெட்டு வருசமா வேலை பாக்காவ. இப்ப மெத்தைய ரயில்ல ஏத்தி விட்டுட்டு ஷிப்டுக்கு ஓடிட்டாவ. "நீயாச்சு, உன் மெத்தையாச்சு"ன்னுட்டு ஒரே ஓட்டம்!

எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குதாக? ரயில்ல மெத்தையக் கண்டதே இல்லையா? ஏசி பெட்டியில கம்பளி, தலகாணி, வெள்ளை விரிப்புன்னு எல்லாம் அவியளே குடுக்காகளாம். அதெல்லாம் ரயில்ல போகலாம், என் மெத்தை போகக் கூடாதோ? ரெட்டைக் கட்டில் மெத்தைதான், ஒத்துக்கிடுதேன். மடிச்சுக் கட்டியும் ஆள் உசரத்துக்கு நிக்கு, அதுவும் ஒத்துக்கிடுதேன். அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கமா சுத்திப் போங்க! கம்பியில உரசாம! எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாக.

குட்டியானை வண்டியில போட்டு அனுப்பலாம்னுதான் வீட்டுக்காரரு சொன்னாரு. அரை மணி நேரத்துல கொண்டு போய் எறக்கிருவான்னாரு. திறந்த வண்டியில்லா டீச்சர் அது! வெயில் பட்டா கவர் மஞ்சளடிச்சிரும்லா? தூசி அடையும்லா? ரயில்னா நெழலு. மெத்தைக்கு என்ன, அது பாட்டுக்குக் கெடக்கும். கவருக்குத்தான் நான் யோசிச்சேன்.

எங்க விட்டேன்? ஆங், மாடு. மருமவன் பேரு ஆல்வின். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளிய, வன்னியம்பட்டி போற வழியில வீடு. பதினாலு மாடு வச்சிருக்காக. பாலெல்லாம் பால்கோவா போடுதவங்களுக்குப் போயிருது. நல்ல பிள்ளை, குத்தம் சொல்லக் கூடாது, ஒரு பீடி சிகரெட்டு கிடையாது. ஆனா மாடு, மாடு, மாடு! அந்த மாட்டுக்கு தெனமும் காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, புது வைக்கோல் உதறி படுக்கை போடுதாரு. மனுசனுக்குக் கூட அப்படி விரிச்சு விட மாட்டாக. ஈரமா இருக்கான்னு கைய வச்சுப் பாக்குதாரு, குச்சி கிச்சி கெடந்தா பொறுக்கிப் போடுதாரு. மடி நோகக் கூடாதாம்! ஒரு நாளு போன் பண்ணினப்ப எம்பொண்ணு சொல்லுதா, "அம்மா, மத்தியானம் வைக்கோல் மேல செத்த நேரம் சாஞ்சேன், அப்படியே தூங்கிட்டேன்"னு. ஏட்டி, மாட்டுக்குப் போட்ட படுக்கையிலயா? வீட்ல இம்புட்டுப் பெரிய மெத்தைய வாங்கிப் போட்டுட்டு நான் உக்காந்திருக்கேன், நீ வைக்கோல்ல படுத்தியாட்டி? எனக்கு அன்னைக்கு வாயில வச்ச சோறு எறங்கல டீச்சர்.

எம்பொண்ணு பேரு பொன்மணி. ஒத்தப் பிள்ளை. அவளுக்காகத்தான் இந்த மெத்தையே. கல்யாணம் முடிஞ்சு மருமவனோட வருவா, நம்மள மாதிரி தரையிலயா படுக்கச் சொல்ல முடியும்? கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே நானும் அவியளும் போயி, கடை கடையா ஏறி எறங்கி, உக்காந்து பாத்து, அமுக்கிப் பாத்து வாங்குனது. இலவம்பஞ்சுல தச்சுக்கிடுவோம், குளிர்ச்சின்னு அவிய சொன்னாக. நாந்தான் மாட்டேன்னுட்டேன். பஞ்சு மெத்தைக்கு எவன் வாரண்டி குடுப்பான்? இதுக்குப் பத்து வருசம்! கடைக்காரரு சேதுபதின்னு, நல்ல மனுசன், மெத்தைய வண்டியில ஏத்தும்போது கவருக்கு மேல தட்டிச் சொன்னாரு, "வாரண்டி கார்டு உள்ளதான் இருக்கும்மா, பத்திரம்"னு.

பத்திரம்! அந்த ஒரு வார்த்தைதான். நான் சும்மா இருப்பேனா?

யோசிச்சுப் பாருங்க டீச்சர். கார்டு எங்க இருக்கு? கவருக்குள்ள. கார்ட எடுக்கணும்னா என்ன செய்யணும்? கவரக் கிழிக்கணும். கவரக் கிழிச்சுட்டா மெத்தை பழசு. பழச எவன் மாத்தித் தருவான்? அப்ப கவர் இருக்குத வரைக்குந்தான வாரண்டி? இதுல என்ன தப்பு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. …ஏன் ஜன்னலப் பாக்குதீங்க? மில்லுதான் அது, இந்தப் பக்கம் பூராவும் மில்லுதான். இங்க பாருங்க.

சரி, ஒரு வீட்ல படுக்கைன்னா எத்தனை இருக்கும்? எங்க வீட்ல கணக்கா வச்சிருக்கேன். அவியளுக்குக் கோரைப்பாயி. சொந்தக்காரங்க வந்தா ஜமுக்காளம். போதகர் ஐயா வந்து உக்காந்தா ஜமுக்காளத்து மேல பெட்ஷீட்டு. எனக்கு ரெண்டு பழைய சேலைய மடிச்சுப் போட்டுக்கிடுவேன், அது போதும். கல்யாணத்துக்கு வந்த பெட்ஷீட்டு ஒம்பது, பீரோவுல பேப்பர் கூட எடுக்காம இருக்கு. தலகாணிக்கு உறை, உறைக்கு மேல ஒரு உறை, அது மேல துண்டு. மெத்தை கட்டில் மேல. யாரும் படுக்க மாட்டோம். சும்மா இருக்கும். காலையில எந்திரிச்சதும் ஒரு ஈரத் துணியக் கொண்டு கவரத் தொடைப்பேன். பளபளன்னு இருக்கும் டீச்சர்! எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா, தெலுங்குக்காரங்க, வந்து பாத்துட்டு, "எந்துக்கம்மா இது, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சாப்புல"ன்னா. பொறாமைன்னு நெனச்சுக்கிட்டேன்.

போதகர் ஐயா ஒருக்க ஜெபிக்க வந்தாரு. அவரு நேரா போயி மெத்தையிலயே உக்காந்துட்டாரு. அவர எப்படி எந்திரிங்கன்னு சொல்ல? "பிதாவே"ன்னு ஆரம்பிச்சாரு, சரக்குன்னுது. "இந்தக் குடும்பத்தை"ன்னாரு, சரக் சரக். கையைத் தூக்கினாரு, அப்படியே மெதுவா… மெதுவா… முன்னால வழுக்கிட்டே வாராரு டீச்சர்! கண்ண மூடிருக்காரு, அவருக்குத் தெரியல. நான் ஒத்தக் கண்ணத் திறந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஆமென் சொல்லும்போது தரையில இருந்தாரு. முட்டி போட்டு முடிச்சுட்டாருன்னு அவிய நெனச்சு, அவியளும் முட்டி போட்டாக.

சிரிக்காதீங்க. …சிரிக்கலையா? சரி.

இந்தா, இந்த வெள்ளை வெள்ளையா ஒட்டிருக்குல்லா, அது என்னன்னு பாக்குதீங்களா? பிளாஸ்திரி. ஆசுபத்திரி பிளாஸ்திரிதான். கவர்ல அங்கங்க சின்னக் கீறல் விழும்லா, வீட்டுக்காரரு யூனிட்டுல மிச்சம் மீதி விழுகுத துண்டக் கொண்டாந்து குடுப்பாக, நான் ஒட்டிருவேன். இந்தப் பெரிய கட்டு மட்டும் புண்ணுக்குக் கட்டுத காஸ் துணி, நாலு மடிப்பு. அங்க எலி கடிச்சிருச்சு. மருந்து கூட வச்சேன்… எலிக்கு. ஆட்டோக்காரரு மாரிச்சாமி இன்னைக்குக் காலையில மெத்தையத் தூக்கும்போது கேக்காரு, "எந்த ஆசுபத்திரிக்குக்கா கொண்டு போறீங்க?"ன்னு. கிண்டல்! எல்லாருக்கும் என் மெத்தைன்னா கிண்டல்.

அதான் டீச்சர், தலைக் கிறிஸ்மஸ். அதச் சொல்லணும். அன்னைக்குத்தான எல்லாம் வந்துது. மருமவன் வந்தாரு, பொண்ணு வந்தா. கறியும் சோறுமா சாப்ட்டாக. மெத்தை மேல பீரோவுல இருந்து ஒரு புதுப் பெட்ஷீட்ட எடுத்து… ஆமா, பேப்பரப் பிரிச்சேன்… மருமவனுக்குன்னா பிரிக்க மாட்டேனா? கவர் மேலயே விரிச்சு விட்டேன். அது வழுவழுன்னு இருக்கும்லா, பெட்ஷீட்டு நிக்காது. நாலு மூலையிலயும் ஊக்கு குத்தலாம்னா கவர் ஓட்டையாயிரும். அப்படியே விட்டுட்டேன். மனுசன் அசதியில ஒரு புரள் புரண்டிருக்காரு. அவ்வளவுதான். பெட்ஷீட்டும் அவரும் தலகாணியுமா சேந்து சர்ருன்னு போயி, பீரோவுல மடார்னு ஒரு சத்தம்! தோள்பட்டை வீங்கிப் போச்சு. அதுக்கும் வீட்டுக்காரரு கொண்டாந்த பேண்டேஜதான் சுத்தி விட்டேன். ஒரே சுருள்தான், பாதி மருமவனுக்கு, பாதி மெத்தைக்கு. அவரு விழுகும்போது கவர்ல ஒரு சாண் நீளத்துக்குக் கிழிச்சுட்டாருல்லா.

நான் முதல்ல எதப் பாத்தேங்கீங்க? நீங்களும் அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும். கவரத்தான் பாத்தேன். ஒத்துக்கிடுதேன். "ஐயோ கிழிஞ்சு போச்சே"ன்னுதான் என் வாயில வந்துது. மருமவன் தரையில கெடந்து என்னையவே பாக்காரு. அப்பச் சொன்னதுதான் அந்த மாட்டுப் பேச்சு. விடிஞ்சதும் கெளம்பிட்டாரு. கேக்கு கூட எடுத்துக்கிடல.

அன்னைக்கு எம்பொண்ணக் கூட்டிட்டுப் போனவருதான். எட்டு மாசமாச்சு. என் வாசப்படிய மிதிக்கல.

இப்ப அவளுக்கு ஒம்பதாம் மாசம் டீச்சர்.

ஏழாம் மாசமே நான் போயி வளையல் போட்டு, கையோட கூட்டிட்டு வந்திருக்கணும். தலைப்பிரசவம் அம்மா வீட்லதான? எங்கயாச்சும் மாத்தி உண்டா? அதுக்கு மருமவன் என்ன சொன்னாரு தெரியுமா? "அனுப்புதேன் அத்தே, தாராளமா அனுப்புதேன். அந்தக் கவர எடுங்க. என் பொண்டாட்டியும் பிள்ளையும் அந்த பிளாஸ்டிக்ல படுக்கக் கூடாது"ன்னாரு. சம்பந்தியம்மாவும் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஒரு கவருதான, எடுத்துட்டாத்தான் என்ன மதினி"ங்காக. எடுத்துட்டாத்தான் என்னன்னு சுளுவா சொல்லிட்டாக. பத்து வருசத்துல ஒண்ணே காலு வருசந்தான் போயிருக்கு! இன்னும் எட்டே முக்கால் வருசம் கெடக்கு!

நானும் சரின்னுட்டு வந்தேன். வந்து, கவர் மேல பெட்ஷீட்ட நல்லா இழுத்து விரிச்சு, நாலு பக்கமும் உள்ள சொருகி, போட்டோ எடுத்து அனுப்பினேன். "எடுத்தாச்சு மாப்ள"ன்னு போட்டேன். அவரு மாட்டுக்காரரா, சி.ஐ.டி.யான்னு தெரியல. வீடியோ கால்ல வந்துட்டாரு! "மெத்தையக் காட்டுங்க அத்தே"ங்காரு. காட்டினேன். "கைய வச்சு அமுக்குங்க அத்தே"ங்காரு. "போனக் கிட்டக்க கொண்டு போங்க அத்தே"ங்காரு. லேசா… ஒத்த வெரலத்தான் வச்சேன் டீச்சர்… சரக்! வச்சுட்டாரு போன.

எட்டாம் மாசம் பொறந்துது. எனக்கு இருப்பே கொள்ளல. தூக்கம் போச்சு. ஒரு நாளு மனசு கேக்காம, போன எடுத்து, "பொன்மணி, அப்பா படுத்த படுக்கையா கெடக்காருட்டி, ஓடி வா"ன்னுட்டேன். ஏன், அவரு அப்பப் பாயில படுத்துத்தான கெடந்தாரு? ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிக்கொழம்பு சாப்ட்டுட்டு. அது பொய்யா? அவ அங்க ஓன்னு அழுதிருக்கா. மருமவன் பதறிப் போயி மோட்டார் பைக்க எடுத்துட்டு நேரா வாராரு. வாரவரு வீட்டுக்காவது வந்திருக்கலாம்லா? தெருமுனை டீக்கடையில எங்க வீட்டுக்காரரு வடையக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு! "வாங்க மாப்ள, டீ சாப்பிடுதீங்களா"ன்னு கேட்டிருக்காரு! மருமவன் அப்படியே வண்டியத் திருப்பிட்டாரு.

பொறவுதான் கண்டிசனா சொல்லி விட்டாரு. "இனிமே அத்தை போட்டோவும் வேண்டாம், வார்த்தையும் வேண்டாம். மெத்தைய நேர்ல கொண்டாந்து என் கண்ணு முன்னால காட்டணும். அப்பத்தான் பொன்மணிய அனுப்புவேன்"னு. கோவத்துல சொன்னாரு, நான் நெசமாவே கொண்டு வருவேன்னு நெனச்சிருக்க மாட்டாரு. நான் யாரு? பரிபூரணம்! இந்தா, கொண்டு போறேன்லா? ரெண்டு பேரும் ஸ்டேசனுக்கு வந்து நில்லுங்கன்னு காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டேன்.

என்னது? கவரோடயே கொண்டு போறேனேன்னா கேக்குதீங்க? டீச்சர், நான் என்ன கூறுகெட்டவளா? எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். வீட்லயே எடுத்தா வழியில தூசியாயிரும். அதனால, ஸ்ரீவில்லிபுத்தூர் வர்றதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி, இந்தப் பிளாஸ்திரிய எல்லாம் பைய உரிச்சு, கவரக் கிழியாம அப்படியே சட்டை கழட்டுத மாதிரி கழட்டிருவேன். எறங்கி மாப்ளகிட்ட காட்டுவேன். அவரு சரிம்பாரு. பொண்ணக் கூட்டிட்டு அடுத்த வண்டியில ஏறுவேன். வண்டி நகந்ததும் கவரத் திருப்பி மாட்டிருவேன்! பிளாஸ்திரி புதுசு ஒரு சுருள் பையில இருக்கு. எப்படி?

சரி, பேசிட்டே இருந்தா நேரம் போயிரும். இந்த மூலையப் பிடிங்க. கையில இருக்குத டீ டம்ளர எங்கயாச்சும் வச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க டீச்சர். நகம் படக் கூடாது. நான் இந்தப் பக்கத்து பிளாஸ்திரிய உரிக்கேன்… சை, என்னமா ஒட்டுது! மனுசத் தோல்ல இருந்தா கூட உரிஞ்சு வந்திரும் போல. அவிய யூனிட்டு சரக்கு நல்ல சரக்குதான்… வர மாட்டேங்கே. டீச்சர், இழுக்காதீங்க! பிடிங்கன்னுதான சொன்னேன்!

வேண்டாம். கிழிஞ்சிரும். செத்த இருங்க.

…என்னால முடியல டீச்சர். கை வர மாட்டேங்கு. உங்களுக்குச் சொன்னா சிரிப்பா இருக்கும். எங்க அம்மா வீட்ல நாங்க ஆறு பேரு. ஒரே ஜமுக்காளம். அதுவும் நடுவுல கிழிஞ்சது. ஓரத்துல படுத்தா தரை, நடுவுல படுத்தா ஓட்டை. கட்டிக்கிட்டு வந்த எடத்துலயும் பாயிதான். இத்தனை வருசத்துல புதுசுன்னு ஒண்ணு, முழுசான்னு ஒண்ணு எங்க வீட்டுக்குள்ள வந்தது இந்த மெத்தைதான். காலையில எந்திரிச்சு அதப் பாத்தா ஒரு தெம்பு. அவ வருவா, அவளுக்குன்னு புதுசு மாறாம இருக்குன்னு. அவ போனதுல இருந்து அந்த ரூமுக்குள்ள நான் வேற எதுக்குப் போறேன்? தொடைக்கத்தான் போறேன்.

பயமா இருக்கு டீச்சர். இன்னைக்கும் அவர் அனுப்பாட்டா என்ன செய்யன்னு பயமா இருக்கு. அவளுக்கு வலி கண்டு, நான் பக்கத்துல இல்லாம…

இல்ல, இல்ல. அழல. தூசி. அதான் சொன்னேன்லா, ரயில்ல தூசி.

ஏ… இந்தா பாருங்க! டீச்சர்! இந்த ஓரத்துல! கார்டு! வாரண்டி கார்டு! இத்தனை நாளும் குப்புறக் கெடந்துது, வெறும் வெள்ளைதான் தெரியும். வண்டி குலுக்குன குலுக்குல நழுவித் திரும்பிட்டு பாருங்க. எழுத்து தெரியுது! தமிழ்லயும் போட்டிருக்கா? பொடி எழுத்து, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. நீங்க வாசிங்க. நல்லா சத்தமா வாசிங்க, இவங்க எல்லாரும் கேக்கட்டும். பத்து வருசம்னு போட்டிருக்குல்லா? போட்டிருக்கு! அதான! சேதுபதி பொய் சொல்ல மாட்டாரு. கீழ என்ன? கீழயும் வாசிங்க.

"…உபயோகிக்கும் முன் பிளாஸ்டிக் உறையை முழுவதும் நீக்கிவிடவும்."

ம்.

"…உறையுடன் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது."

…இன்னொருக்க வாசிங்க.

டீச்சர், நெசமாவே அப்படிப் போட்டிருக்கா? நீங்களா சொல்லலையே? மருமவன் எதுவும் உங்ககிட்டப் பேசி வைக்கலையே? இல்ல… நீங்க மதுரைக்காரங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்…

அப்ப வாரண்டி என்னைக்குப் போச்சு? கிறிஸ்மஸ்லயா? அதுக்கும் முன்னாடியா? போதகர் ஐயா உக்காந்தப்பவா? அப்ப நான் தெனமும் காலையில… ஈரத் துணியக் கொண்டு… எதத் தொடச்சேன்? ஒரு எலிக்குப் போயி விடிய விடியக் காவலிருந்தேனே! எட்டு மாசமா எம்பிள்ளை வராம… என் வாயாலதான, என் கையாலதான… சேதுபதி பத்திரம்னு சொன்னது கார்டத்தானோ? கவரச் சொல்லலையோ?

கோபுரம் தெரியுது. ஆண்டாள் கோயில் கோபுரம். வந்துட்டு.

நகருங்க டீச்சர். பிடிக்க வேண்டாம், கைய எடுங்க. பிளாஸ்திரி எதுக்கு உரிக்கணும்? பல்லு எதுக்கு இருக்கு? …ம்ம்ம்… த்தூ… சர்ர்ர்! கேட்டீங்களா சத்தத்த? இன்னொண்ணு! அண்ணாச்சி, பாத்துக்கிட்டே நிக்கீங்களே, அந்தப் பக்கம் நீங்க கிழிங்க! கிழிங்கங்கேன்! எலி கடிச்சதச் சேத்துக் கிழிங்க! ஏலே தம்பி, போன்ல படம் எடுக்காம இந்தக் கயித்த அவுத்து விடு!

…ஏ அம்மா.

டீச்சர், கைய வச்சுப் பாருங்க. வச்சுப் பாருங்களேன். எம்புட்டு மெத்துன்னு இருக்கு! துணி போட்டிருக்கான் டீச்சர், பூப் போட்ட துணி… ரோஸ் கலரு. இது ரோஸ்னு எனக்குத் தெரியாதே! கவருக்குள்ள சுத்திருந்த வெள்ளைத் தாளுதான இம்புட்டு நாளும் தெரிஞ்சுது. ஒண்ணே கால் வருசமா என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு…

நின்னுட்டு, நின்னுட்டு! இந்தக் கவர உங்க மடியில வச்சுக்கிடுங்க, பொறவு ஜன்னல் வழியா வாங்கிக்கிடுதேன். அண்ணாச்சி, அந்தப் பக்கம் தூக்குங்க! ஆளு பொறவு எறங்கட்டும், முதல்ல மெத்தை எறங்கட்டும்! தலையத் தாழ்த்து, தலையத் தாழ்த்து… உங்க தலைய இல்லய்யா, மெத்தைத் தலைய! ஆங்… எறங்கிட்டு. அந்த பெஞ்சுல போடுங்க.

டீச்சர்! டீச்சர், ஜன்னல்கிட்ட வாங்க! எங்க ஒளியுதீங்க? இந்தா நிக்காக பாருங்க, ரெண்டு பேரும்! அவதான் பொன்மணி, பச்சைச் சேலை. எப்படிப் பெருத்துட்டா! அவர்தான் மருமவன். கையில என்னது அது… கத்தரி! கத்தரிக்கோலு டீச்சர்! அத்தை கவரோடதான் வந்து எறங்குவான்னு தெரிஞ்சே கொண்டாந்திருக்காரு. மனுசன் என்னைய எப்படிக் கணக்குப் போட்டு வச்சிருக்காரு பாருங்க! வாங்க மாப்ள, வாங்க! கத்தரி எதுக்கு மாப்ள? கவரா? இதுல ஏது கவரு?

தொட்டுப் பாக்காரு டீச்சர். ஒரு தட்டு தட்டுதாரு… குனிஞ்சு காத வைக்காரு… சத்தமில்ல மாப்ள, சத்தமே கிடையாது! நிமிந்துட்டாரு. என் வாயப் பாக்காரு… என்ன? ஒதட்டுல பிளாஸ்திரியா ஒட்டிருக்கு? எங்க? ஐயோ, ஆமா… சிரிக்காரு டீச்சர்! மருமவன் சிரிக்காரு! கத்தரியப் பைக்குள்ள போட்டுட்டாரு. அவ பைய எடுத்து… என் கையில குடுக்காரு. குடுத்துட்டாரு டீச்சர்! அனுப்புதாரு!

ஏட்டி பொன்மணி, என்ன செய்யுத? உக்காராத, பொறு, பொறு! பிளாட்பாரத்து அழுக்கு பூரா சேலையில இருக்கும், அதோட போயி ரோஸ் துணியில… பொறுட்டி, கவர விரிச்சுக்கிடுவோம்! டீச்சர், அந்தக் கவரத் தாங்க! வண்டி நகருது, சீக்கிரம், நீட்டுங்க… இன்னும் கொஞ்சம்… ஆங்…

இல்ல. வேண்டாம். வேண்டாம் டீச்சர்! உள்ள இழுத்துக்கிடுங்க! மதுரையில குப்பையில போட்டுருங்க! பூராத்தையும் போட்டுருங்க!

நீ உக்காரு தாயி. நல்லா சாஞ்சு உக்காரு. உனக்குன்னு வாங்குனதுதான? அம்மா மேல கோவமில்லையே? காலத் தூக்கி மேல வச்சுக்கோ. பாதம் எப்படி வீங்கிக் கெடக்கு பாரு.

…தொடச்சுட்டு வையிட்டி.